தொரைக்குப் பின்னால வந்த வெயில்

ஏரிய தூத்து எட்டு மாடி கட்டுனாங்க, அந்த எட்டு மாடிக்கு எதிர்ல கையெட்டுற தூரத்துல இன்னொரு எட்டு மாடி கட்டுனாங்க, ஆத்தோரம் குடிசை போட்டு வெயில்லயே பொறந்து வெயில்லயே வளந்த எங்கள லாரில ஏத்திக் கொண்டாந்து அதுக்குள்ள வெச்சுட்டு, இனிமே நீங்கெல்லாம் பக்கா வீட்டு ஆளுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க, போனவங்க வெயில மட்டும் உள்ள விட மறந்துட்டாங்க. அந்த பிளாக்குல நாலாவது மாடில, ஹாலு கிச்சன் பெட்ரூம் எல்லாமே ஒரே ரூமா இருக்குற எங்க வீட்டுக்கு ஒரு நாள் பாலைவனத்து ஓணான் ஒண்ணு வந்துச்சு.

வந்துச்சுன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. தள்ளிவிட்டாங்கன்னு சொல்றதுதான் உண்மை.

எங்கம்மா பூங்காவனம் வேலை செய்யற அபார்ட்மெண்ட்ல மேடத்தோட பையன் நிகில் ஆசைப்பட்டு வாங்குனது அது. ஆசை தீந்துச்சோ இல்லையோ, பையன் படிக்க வெளிநாடு போயிட்டான். வேலை செய்யற வீட்டுல மீந்ததெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வரும், மீந்த சாம்பார், மூடி ஒடஞ்ச மிக்சி, ஜிப்பு போன பேக்கு, போன வருஷத்து டைரி, எதுக்கும் எங்கம்மா வேணாம்னு சொன்னதில்ல, ரெண்டு கையாலயும் வாங்கிக்கும், ஏன்னா இத வேணாம்னு சொல்லிட்டா நாளைக்கு வேணுங்கறதும் வராது. அந்த வரிசைலதான் ஓணானும் வந்துச்சு.

"ரொம்ப சாது பூங்காவனம். கீரை போட்டா சாப்பிடும், பூச்சி போட்டா சாப்பிடும். சூடு மட்டும் நல்லா வேணும். அதுக்கென்ன, உங்க ஏரியால வெயிலுக்கா பஞ்சம்?"ன்னு மேடம் சொன்னாங்களாம். அங்க அது இருந்த கண்ணாடிப் பெட்டியும், சூட்டுக்குன்னு தலைக்கு மேல எரிஞ்ச லைட்டும் ஏற்கனவே ஆன்லைன்ல வித்துப் போச்சாம். ஏழைங்கன்னா வெயில்ல கெடப்பாங்கன்னு ஒரு நெனப்பு அவங்களுக்கு. நாங்க வெயிலப் பாத்து எத்தன வருஷம் ஆச்சுன்னு அவங்களுக்கு யாரு சொல்றது? நான் சொல்லியிருப்பேன். என்னத்தான் அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கி வெச்சிருக்கு. கவர்மெண்ட் காலேஜ்ல பொலிட்டிகல் சயின்ஸ் மூணாவது வருஷம் படிக்கிறேன், என் பேரு தமயந்தி, எங்க கிளாஸ்ல என்ன ஸ்டே ஆர்டர்னு கூப்புடுவானுங்க, எதையும் பேசிப் பேசியே நடக்க விட மாட்டேன்னு.

கட்டப்பைலேந்து எங்கம்மா அத எடுத்து வெளிய விட்டப்ப நான் கத்துனேன். ஒரு சாண் ஒடம்பு, அதே நீளத்துக்கு வாலு, கழுத்தச் சுத்தி முள்ளுத் தாடி, காஞ்ச களிமண்ணு கலரு, எல்லாத்தையும் எப்பவோ பாத்து முடிச்சிட்டேங்கற மாதிரி ஒரு மூஞ்சி.

"நமக்கே எடமில்ல, இதுல இது வேறயா? அவங்க குடுத்தா நீ எத வேணா வாங்கிட்டு வந்துருவியாம்மா? நாளைக்கு நாயி, நாளான்னைக்கு மாமியாரக் குடுப்பாங்க, வாங்கிட்டு வா!"

"மாமியார் வந்தா வெங்காயமாச்சும் உரிக்கும். கத்தாத, தொர பயப்படுது."

"தொரையா?"

"ஏசில இருந்தவருல்ல?"

அன்னைலேந்து அதுக்குப் பேரு தொர.

தொர வந்த வாரத்துலயே கறுக்க ஆரம்பிச்சுச்சு. கீரைய மோந்து பாக்கல, கரப்பாம்பூச்சி மூக்கு மேல ஏறிப் போனாலும் வாயத் தொறக்கல, செவுத்துல பூத்திருந்த ஈரத்த பாத்துக்கிட்டே ஒரு மூலைல கெடந்துச்சு. எங்க மாடில வெயில்னு ஒண்ணு விழறது வராண்டாவோட கடைசில மட்டும்தான், ரெண்டு பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சந்து வழியா மத்தியானத்துல ஒரு முழ அகலத்துக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிரும். ஞாயித்துக்கெழம எங்கம்மா தொரைய ரெண்டு கைலயும் ஏந்திக்கிட்டு அந்தத் துண்டு வெயில்ல போய் நின்னுச்சு. வெயிலு நவுந்தா எங்கம்மாவும் நவுந்துச்சு, செவுத்தோரம் வரைக்கும் நவுந்து, அதுக்கு மேல நவுற எடமில்லாமப் போனப்ப, வாரம் பூரா நின்ன காலோட, எரிச்சலும் இல்லாம கெஞ்சலும் இல்லாம, பஸ்ஸுல பக்கத்துல நிக்கிறவங்க கிட்ட சொல்ற மாதிரி, "கொஞ்சம் இருய்யா, இதுக்கு இன்னும் சூடு ஏறல"ன்னு வெயிலப் பாத்து சொல்லிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்துச்சு.

வெயில் பின்னாலயே வந்துச்சு. வராண்டாவுல, மரகதக்கா வீட்டு செருப்பத் தாண்டி, தண்ணிக் கொடத்த எல்லாம் தாண்டி, சோறு போட்டவங்க பின்னால வர்ற தெரு நாய் மாதிரி கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்து, எங்க வீட்டு நெலைய ஏறி, உள்ள வந்து ரூம் பூரா படுத்துக்குச்சு.

நான் படிச்சுட்டு இருந்தேன். "கதவ சாத்தும்மா, கண்ணு கூசுது, நாளைக்கு இன்டர்னல்"னேன். எங்கம்மா கதவ சாத்துச்சு. வெயில் உள்ளதான் இருந்துச்சு.

அப்புறம் அது போகல. வெளிய பொழுது சாஞ்சாலும் மழ கொட்டுனாலும் எங்க வீட்டுக்குள்ள மட்டும் மத்தியானம் ஒண்ணரை மணி. தொர மஞ்சளாச்சு, கழுத்து முள்ளு நிமிந்துச்சு, கரப்பாம்பூச்சிய நாக்கால பொட்டுன்னு எடுத்து மென்னுச்சு. கடியாரம் அதும்பாட்டுக்கு ஓடுச்சு, அத யாரும் மதிக்கல.

பிளாக்குக்கு விஷயம் தெரிய ரொம்ப நேரம் ஆகல. மொதல்ல வந்தது கருவாடு விக்கிற மரகதக்கா. மழைக்காலத்துல அவங்க பொழப்பே நாறிப் போயிரும். எங்க கதவத் தள்ளிக்கிட்டு வந்து, மேலயும் கீழயும் பாத்து, ஆச்சரியப்படறதுக்கெல்லாம் நேரமில்லாத பொம்பள, "இவ்ளோ வெயில வெச்சிக்கிட்டு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா பூங்காவனம்?"னு கோச்சிக்கிட்டு ஒரு கூடை நெத்திலிய எங்க தரைல பரப்பிட்டுப் போனாங்க. அடுத்து ஈர யூனிஃபார்மோட பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, அடுத்து வடகம், அடுத்து நனஞ்சு போன பாயி, தலகாணி, அடுத்து மாடி மாடியா இருமறவங்க எல்லாம் நெஞ்சக் காட்டிக்கிட்டு வந்து செவுத்தோரமா உக்காந்தாங்க. வரும்போது சும்மா வரக்கூடாதில்ல, ஆளுக்கொரு கரப்பாம்பூச்சியக் கொண்டாந்தாங்க தொரைக்கு. எங்க பிளாக்குல பஞ்சமே இல்லாத சரக்கு அது ஒண்ணுதான். புள்ளைங்க தீப்பெட்டில போட்டுக் கொண்டாந்துச்சுங்க, மானஸ்தங்க முருங்கக்கீரையும் சேத்துக் கொண்டாந்தாங்க.

மூணாவது மாடி நர்கீஸுக்குக் கொழந்த பொறந்து, கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. காலைல வெயில்ல காட்டுங்கம்மான்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க ஆஸ்பத்திரில. எந்த வெயில்லன்னு நர்கீஸு கேக்கல, அவ சாது. துணிய எல்லாம் கழட்டிட்டு கொழந்தைய எங்க பாயில தொரைக்குப் பக்கத்துல படுக்க வெச்சா. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிச்சு. ஒரு வாரத்துல கொழந்தைக்கு கண்ணு வெள்ளையாச்சு. அன்னைலேந்து பிளாக்குல தொரைக்கு மரியாத கூடிப்போச்சு, செருப்பக் கழட்டிட்டு வர ஆரம்பிச்சாங்க.

பிளாக் சங்கத்து செயலாளர் ஆரோக்கியம் பெரியப்பா எல்லாத்துக்கும் ஒரு மொறை வேணும்னு சொல்ற ஆளு. காலைல கொழந்தைங்க, அப்புறம் நோயாளிங்க, அப்புறம் துணிமணி, கடைசில கருவாடுன்னு பிரிச்சு விட்டாரு. கருவாட்ட ஏன் கடைசில வெக்கறன்னு மரகதக்கா அவரு சட்டையப் புடிச்சுது. எங்க பிளாக்கக் கட்டுன போர்டுலேந்து ஒரு இன்ஜினியரும் வந்தாரு, கரண்டு திருடறாங்கன்னு யாரோ போட்டுக் குடுத்து. மீட்டரப் பாத்தாரு, ஒயரத் தேடுனாரு, ஒண்ணும் கெடைக்காம, "பிளான்ல இந்த யூனிட்டுக்கு வெயில் கெடையாதேம்மா"ன்னாரு.

"அப்ப எழுதிக் குடுங்க சார்"னேன். "இந்தக் குடும்பத்துக்கு வெயில் அனுமதி இல்லன்னு சீல் போட்டுக் குடுங்க. எங்க காலேஜ் சுவத்துல பெருசா ஒட்டறேன்."

அவரு என்னப் பாத்தாரு, தொரையப் பாத்தாரு, மழைல நனஞ்ச சட்டையக் கழட்டி எங்க கொடில போட்டாரு, காஞ்சதும் மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

எல்லாருக்கும் எல்லாம் காஞ்சுது. எங்கம்மாவுக்கு மட்டும் தூக்கம் வரல.

இத யாரும் பாக்கல. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு மொத பஸ்ஸப் புடிச்சு, ஒரு ஆபீஸப் பெருக்கி, அப்புறம் மேடம் வீட்டுல சமைச்சுக் கழுவித் தொடச்சு, பொழுது போயி வர்ற பொம்பளைக்கு, வந்து படுத்தா தலைக்கு மேல உச்சி வெயிலு. ஈரத்துண்ட கண்ணுல போட்டுக்கிச்சு, துண்டு பப்படமா காஞ்சிருச்சு. வர்றவங்களும் போறவங்களும் மரியாதையாத்தான் இருந்தாங்க, காலத் தூக்கி எங்கம்மாவத் தாண்டித்தான் போனாங்க, "நீ தூங்கு பூங்காவனம், நாங்க சத்தம் போடல"ன்னு சத்தமா சொன்னாங்க. எங்கம்மா எந்திரிச்சு உக்காந்து, "பரவால்ல, வாங்க"ன்னுச்சு. அந்த பரவால்லய கேட்டுக் கேட்டே நான் பாதி செத்தேன். பக்கத்துல பாத்தா தொரையும் கண்ண மூடாமத்தான் கெடந்துச்சு, எந்நேரமும் ஒரு கையி அத தொட்டுக்கிட்டு, ஒரு கரப்பாம்பூச்சி மூஞ்சிக்கு முன்னால ஆடிக்கிட்டு.

"அதுவும் தூங்கல பாருடி தமா. அதாலதான் வெயிலு போகல. தொர முழிச்சிருந்தா வெயிலும் நிக்கும்"னு எங்கம்மா சொல்லுச்சு. கண்ணுக்குக் கீழ கரு வட்டம், நாக்கு தடுமாறுது, சொல்ல வந்த வார்த்தய பாதில மறந்துட்டு என்னயே பாக்குது.

பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்கி ஸ்டாப்ப விட்டுச்சு. மேடம் வீட்டுல கண்ணாடிக் கிண்ணத்த போட்டு ஒடச்சுச்சு. "நீ முன்ன மாதிரி இல்ல பூங்காவனம், முடியலைன்னா சொல்லிரு"ன்னு மேடம் சொன்னாங்களாம். முடியலைன்னு எங்கம்மா சொல்லாது, அந்த வார்த்தயவே யாரும் அதுக்குக் கத்துக் குடுக்கல. அப்புறம் ஒரு நாள் அடுப்புக்கு முன்னாலயே கண்ணசந்து, முழங்கைலேந்து மணிக்கட்டு வரைக்கும் பொசுக்கிக்கிட்டு வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வேலைக்குப் போச்சு.

அது கெளம்பிப் போனப்புறம் நான் கட்டப்பைய எடுத்தேன். அடில பழைய துப்பட்டாவ விரிச்சு தொரைய உள்ள வெச்சேன். ரூமுல உக்காந்திருந்த கூட்டத்தப் பாத்து, "இன்னிக்கி வெயில் லீவு. எல்லாரும் எந்திரிங்க"ன்னேன்.

"ஏய், என் நெத்திலி பாதிதான் காஞ்சிருக்கு!"ன்னுச்சு மரகதக்கா.

"மீதிய உன் வாயில வெச்சுக்கக்கா, அந்தச் சூட்டுக்கு அஞ்சு நிமிஷம் தாங்காது."

"கூட்டத்துல பேசி முடிவு பண்ணாம பொதுச் சொத்த எடுத்துட்டுப் போகக்கூடாதும்மா"ன்னாரு ஆரோக்கியம் பெரியப்பா.

"எங்கம்மா கையி வெந்து போச்சே, அது யாரு சொத்து பெரியப்பா? அதுக்கு எந்தக் கூட்டம் போட்டீங்க?"

நர்கீஸு மட்டும் எந்திரிச்சு, கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு, எங்க வீட்டுத் தரைல கெடந்த கருவாட்டக் கூட்ட ஆரம்பிச்சா. நான் எறங்குனேன். வெயிலும் எங்கூடயே மாடிப்படி எறங்குச்சு.

வெளிய தூறலு. பஸ்ஸுக்குள்ள ஏறுனதும் எங்க சீட்டச் சுத்தி மட்டும் மத்தியானமாச்சு. பக்கத்துல இருந்தவங்க ஒடனே குடைய விரிச்சுக் காயப்போட்டாங்க. கண்டக்டர் வந்து நின்னாரு.

"இந்த வெயில் உங்கூட வந்ததாம்மா?"

"ஆமா. லேடீஸுக்கு ஃப்ரீதான?"

"வெயிலும் லேடீஸா?"

"சம்பளம் வாங்காம வேலை செய்யறதெல்லாம் லேடீஸ்தாண்ணே."

அவரு ஒரு ஃப்ரீ டிக்கெட்ட கூடக் கிழிச்சுக் குடுத்துட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டாரு.

அபார்ட்மெண்ட் கேட்டுல செக்யூரிட்டி என் பேரு, போன் நம்பர், யார் வீடுன்னு எல்லாம் கேட்டாரு, வெயில ஒண்ணும் கேக்கல. வேலக்காரங்க லிஃப்ட்டுல மூணு பேரும் ஏறுனோம். வழி பூரா நான் மேடத்துக்கிட்ட கேக்க வேண்டியத வரிசையா அடுக்கிக்கிட்டே போனேன், ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி இருந்துச்சு. பெல்லடிச்சேன். மேடம் தொறந்தாங்க. உள்ளேந்து ஏசிக் காத்து மூஞ்சில அடிச்சுது. தடிமனான திரையெல்லாம் இழுத்து விட்டு வீடு இருட்டா, சில்லுன்னு, சத்தமே இல்லாம இருந்துச்சு. நான் செருப்பக் கழட்டிட்டு உள்ள போனேன். இந்த மாதிரி வீட்டுக்குள்ள கேக்காம யாரும் வரமுடியாதுங்கறது வெயிலுக்கும் தெரிஞ்சிருக்கும் போல, வாசல்லயே நின்னுக்குச்சு, என் செருப்புப் பக்கத்துல. மேடம் கதவ சாத்துனாங்க.

"உங்க ஓணான் மேடம்"னு பைய சோஃபா மேல வெச்சேன். "லைட்ட வித்துட்டு உசுர மட்டும் எங்க தலைல கட்டுனீங்களே, அது ஏன்?"

"பாவம், ஆசையாத்தானேம்மா குடுத்தோம். வேணாம்னா அப்பவே சொல்லிருக்கலாமே? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேணாம்னு சொல்ல விடற மாதிரி என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

சத்தம் கேட்டு எங்கம்மா மாப்போட வந்து நின்னுச்சு. கைல மஞ்சத்தூள் அப்பியிருந்துச்சு. சத்தியத்த மீறி வந்தவள அடிக்க வரும்னு நெனச்சேன். வரல. பைக்குப் பக்கத்துல தரைல உக்காந்து, தொரையத் தூக்கி மடில வெச்சுக்கிச்சு.

"குடுத்தத திருப்பிக் குடுக்கலாமாடி?"

"இது வந்ததுலேந்து நீ தூங்கலம்மா! நீ செத்துப் போயிருவ, தெரியுமா? இத விட்டுத் தொல!"

"எனக்கு நாள் பூரா யாராச்சும் ஒருத்தர் என்னத்தயாச்சும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. பூங்காவனம் அத எடு, பூங்காவனம் இத வெய்யி. நீயும்தான் தமா, சாப்பிடு, தூங்குன்னு கத்திக்கிட்டே இருக்க." எங்கம்மா ஒவ்வொரு வார்த்தையா தேடித்தேடி எடுத்து வெச்சுச்சு. "இது ஒண்ணுதான் என்ன ஒண்ணும் சொல்றதில்ல. சும்மா பாத்துக்கிட்டு இருக்கும். அவ்ளோதான். அதான் வெச்சுக்கிட்டேன்."

அடுக்கி வெச்சிருந்த கத்தியெல்லாம் அப்படியே விட்டுட்டு, காலிப் பைய எடுத்து மடிச்சேன்.

தொர அந்த இருட்டப் பாத்துச்சு. யாரும் தொடல, எதுவும் ஆடல. கொஞ்ச நேரத்துல அதோட கீழ் எமை மேல ஏறி, பாதி வழில நின்னு, யோசிச்சு, மூடிக்கிச்சு. கறுக்கல. காஞ்ச களிமண்ணு கலருலயே, வயிறு ஏறி எறங்க, தூங்குச்சு.

"தூங்குது பாருடி"ன்னு எங்கம்மா சிரிச்சுச்சு. சிரிச்ச வாயி மூடறதுக்குள்ள சோஃபால சாஞ்சு, ஒரு கைல மாப்பப் புடிச்சபடியே, அதுவும் தூங்கிப்போச்சு.

மேடம், "பூங்காவனம், கெஸ்ட்டு வர்றாங்க, பாத்திரமெல்லாம் அப்படியே..."ன்னு கைய நீட்டுனாங்க. நான் நடுவுல போய் நின்னேன். எனக்குக் கத்தத்தான் தெரியும், பொறந்ததுலேந்து அது ஒண்ணுதான் நல்லா வரும். ஆனா கத்துனா எங்கம்மா எந்திரிச்சிரும். அதனால என் வாழ்க்கைல மொத தடவயா மூச்சு மாதிரி பேசுனேன்.

"மெதுவா மேடம். அம்மா தூங்குறாங்க."

மேடத்துக்கும் அந்த மெதுவு தொத்திக்கிச்சு. அவங்களும் கிசுகிசுன்னுதான் சொன்னாங்க, "அப்ப எந்திரிச்சதும் வீட்டுச் சாவிய வெச்சுட்டுப் போகச் சொல்லிரும்மா. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

அதுக்கு பதில் எங்கிட்ட ஒரு வண்டி இருந்துச்சு. "சரிங்க மேடம்"னேன்.

மேடம் உள்ள போய் கதவ சாத்திக்கிட்டாங்க. வாசக் கதவுக்கு அடில இருந்த இடுக்கு வழியா வெயிலு ஒரு கோடா உள்ள வந்து, தரைல மெல்ல மெல்ல நீண்டு, எங்கம்மா பாதத்தத் தேடிக்கிட்டு வந்துச்சு. நான் வாளில கெடந்த தரைத் தொடைக்கிற துணிய எடுத்து, பிழிஞ்சு, மடிச்சு, அந்த இடுக்குல அடைச்சேன். அதுக்கப்புறம் கதவுல முதுகக் குடுத்து உக்காந்தேன். கதவு சுட்டுச்சு.

போன் அதிந்துச்சு. ஆரோக்கியம் பெரியப்பா. பின்னால மரகதக்கா கத்தறதும், இருமலும், புள்ளைங்க சத்தமும் கேட்டுச்சு.

"தமயந்தி, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. வெயில் எங்க?"

"வெளிய நிக்குது பெரியப்பா"ன்னு வாய்க்குள்ளயே சொன்னேன். "எங்கம்மா எந்திரிக்கற வரைக்கும் நிக்கட்டும்."